போணி நேரத்தில் எழுந்து போனவன்

1

கனடாவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. புத்தம் புதிய கார் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நிற்பது இதுதான் முதல் தடவை. இதுவரை ஓட்டியதெல்லாம் யாரோ ஓட்டிக் களைத்துக் கைமாற்றிய வண்டிகள். ஒன்றில் முந்தைய சொந்தக்காரரின் நாய் வாசனை கடைசிவரை போகவில்லை. இன்னொன்றின் இடதுபக்கப் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. என் மகள் ரம்யா ஐந்து வருடம் வலதுபக்கமாகவே இறங்கி வளர்ந்தாள்.

நாங்கள் இருக்கும் ஹாமில்டன் ஓர் இரும்பாலை ஊர். ஏரிக்கரை முழுக்கப் புகைபோக்கிகள், சரக்குக் கப்பல், கரி மலை. காற்று திசை மாறினால் ஜன்னலைச் சாத்த வேண்டும். காசிமேட்டில் பிறந்து, எர்ணாவூரில் குடியிருந்து, எண்ணூரில் வேலை பார்த்தவன், உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, தேடிப் பிடித்து இங்கே வந்து வீடு வாங்கியிருக்கிறேன். என் மனைவி மல்லிகா இந்த ஊருக்கு வைத்திருக்கும் பெயர், பனி பெய்யும் எண்ணூர்.

வந்த புதிதில் கார் ஓட்டவே விடவில்லை. ஊரில் பத்து வருடம் கம்பெனி டெம்போ ஓட்டியவன் நான் என்றேன். அதற்குக் கடிதம் வேண்டும் என்றார்கள். அக்கா வீட்டுக்காரர் நான்கு நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று வாங்கி அனுப்பினார். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த இங்கத்து லைசென்ஸ் ஆபீஸ் அம்மாள், முத்திரை தெளிவாக இல்லை என்றார். சரி, பரீட்சையே எழுதித் தொலைப்போம் என்று போனேன். ராயபுரம் பாலத்தடியில் மீன் வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே டெம்போவை நுழைத்து எடுத்தவனை, முதல் தடவை ஃபெயிலாக்கி அனுப்பினார்கள். வண்டியை எடுக்கும்போது தோளுக்கு மேலே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கவில்லையாம். கண்ணாடியில் பார்த்தேனே என்றேன். கண்ணாடி எல்லாவற்றையும் காட்டாது என்றார் பரீட்சை வைத்தவர்.

இந்தப் புது வண்டியை வாங்கிய கதையைச் சொல்ல உட்கார்ந்தால், எட்டு வருடத்துக்கு முன் ஊரில் வாங்கிய இன்னொரு வண்டியின் கதையும் கூடவே வருகிறது. அந்தக் கதையை இங்கே நான் சொல்லாத விருந்து கிடையாது. பிறந்தநாள், பொங்கல், மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் சாப்பாட்டுத் தட்டோடு நாலு பேர் அகப்பட்டால் ஆரம்பித்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை வரை அதைச் சரியாகத்தான் சொல்லி வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

என் அக்கா கஸ்தூரி மீன் விற்பவள். விடிவதற்கு முன் காசிமேட்டு ஏலத்தில் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். என் பாலிடெக்னிக் படிப்பு அந்தக் கூடையிலிருந்து வந்தது. அக்கா வீட்டுக்காரர் முனுசாமி மாமா தொழிற்சாலை ஒன்றில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையைப் பூட்டினார்கள். மாமா ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அக்காவின் மீன் கூடைகளைக் கழுவிக் கழுவியே அடி தேய்ந்துவிட்டது.

நான் மூன்று வார லீவில் ஊருக்குப் போனபோது மாமாவுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. அத்திப்பட்டு மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை எடுத்த ஒருவர், எஞ்சினியர்களைத் தினமும் கூட்டிப்போய்க் கொண்டுவிட வண்டியோடு டிரைவர் தேடினார். வண்டி புதிதாக இருக்க வேண்டும். ஒன்றாம் தேதி காலை கேட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மணலி புதுநகரில் ஒருவர் வண்டியோடு தயாராக இருக்கிறார், அவருக்குப் போய்விடும். ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பதிவு, பர்மிட், மஞ்சள் போர்டு எல்லாவற்றுக்கும் பத்து நாள் வேண்டும்.

அக்காவுக்கு என்று நான் சேர்த்துக் கொண்டுபோனது நாலரை லட்சம். விசாரித்த டீசல் கார் எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்து எழுபத்திரண்டாயிரம். அதற்குமேல் என்னிடம் ஒரு பைசா கிடையாது. இங்கே வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்த சமயம். ஆக, இருபத்திரண்டாயிரம் இறங்கினால் மாமாவுக்கு வேலை. இறங்காவிட்டால் மறுபடி மீன் கூடை.

பேரம் பேசுவதில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. காரணம், கனடாவில் என்னோடு லேத்தில் வேலை பார்த்த ஒரு போலந்துக்காரர். கார் வாங்குவது பற்றி அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. பேச்சு இறுகும் இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடு. வாசல் கதவை நீ தொடுவதற்குள் விற்பவன் ஓடிவருவான்.

ஷோரூமுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் அக்காவுக்கு இதை விளக்கினேன். "நான் எழுந்தா நீயும் எழுந்துடணும்க்கா. திரும்பிப் பாக்கக் கூடாது."

"நாம போறது கட தொறக்கிற நேரம்டா," என்றாள் அக்கா. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். "போணிக்குப் போறோம். போணிக்குப் போயி எந்திரிக்கக் கூடாது."

"அதெல்லாம் மீனுக்குக்கா. இது கார்."

மாமா டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

போணி விஷயத்தில் அக்கா எப்படி என்பது எனக்குத் தெரியாததல்ல. முதல் ஆள் கொடுக்கும் காசைக் கண்ணில் ஒற்றிக் கூடையைச் சுற்றி அப்புறம்தான் மடியில் போடுவாள். முதல் ஆளிடம் கொஞ்சம் இறங்கித்தான் கொடுக்க வேண்டும், வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வாங்க வந்தவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் போணி நேரத்தில் வந்து, சங்கரா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்டு, அக்கா இறங்கி வந்த பிறகும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அன்று முழுக்க அக்கா கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. நான் மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அக்கா சாப்பிடவில்லை.

3

இங்கே, போன மாதம். எங்கள் பழைய வேன் நெடுஞ்சாலை நடுவில் மூச்சை விட்டது. போன வருடம் அமெரிக்காவில் வங்கிகள் சாய்ந்ததிலிருந்து எங்கள் பட்டறையிலும் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. விலை சரிந்து கிடக்கும்போதே புதிதாக வாங்கிவிடலாம் என்று மல்லிகா சொன்னாள். எவ்வளவு சரியும் என்பதை ரம்யா பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ரம்யாவுக்குப் பதினேழு வயது. மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்த குழந்தை. ஐந்து கடைகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினாள். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவருக்குக் காட்டினாள். பைஜாமாவில், சோபாவில் படுத்தபடி, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் ஆயிரத்து இருநூறு டாலர் இறக்கினாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஏதோ கள்ளத்தனம் செய்தது போலவும் இருந்தது. வந்த புதிதில் நான் ஒரு பழைய கார்க் கடையில் நின்று, 'லாஸ்ட் பிரைஸ்' என்ன என்று நம் ஊர் ஆங்கிலத்தில் கேட்டு, அவர் போன வருட விலைப்பட்டியலைத் தேடிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது.

அவள் தமிழ் அவள் அம்மாவின் தமிழ். சுத்தமாக, கொஞ்சம் ஆங்கிலம் தூவி இருக்கும். என் அக்காவோடு போனில் பேசினால் பாதி புரியாது. "அத்தை ஏன்ப்பா எப்பவும் கோவமாவே பேசறாங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். அக்கா அன்று அவளிடம், சாப்பிட்டியா கண்ணு, உடம்பு எளைச்சிப் போச்சே என்றுதான் கேட்டிருந்தாள். குரல் மட்டும் மார்க்கெட் குரல். எனக்குச் சுருக்கென்றது. மகளிடம் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஐந்து கடையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கடைக்கு நேரில் போவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கடை திறக்கும்போதே போகலாம் என்றேன்.

"நோ அப்பா. மாசக் கடைசியில, சாயங்காலம், குளோஸ் பண்ற நேரத்துல போகணும். அப்போதான் டயர்டா இருப்பாங்க. எல்லா வெப்சைட்லயும் போட்டிருக்கு."

"ஒன்பது மணி," என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் வெப்சைட்டில் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்பாள்.

"ஓகே. ஆனா நான் உன் காலைத் தட்டினா, ரெண்டு பேரும் எழுந்து போயிடணும். நீ இந்தியாவுல பண்ண மாதிரி." என் கதையை அத்தனை தடவை கேட்டு வளர்ந்த பெண் வேறு என்ன சொல்லும்.

4

அந்த ஷோரூம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் புதிதாகத் திறந்தது. நாங்கள் போனபோது ஷட்டரை முக்கால்வாசி ஏற்றி, ஒரு பெண் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக் கரித்தூள் அந்தச் சாலையில் எந்தக் கண்ணாடியையும் மதியம் வரை விட்டுவைக்காது. எங்களைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தாள். நெஞ்சில் குத்தியிருந்த பட்டையில் நிர்மலா என்று இருந்தது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும்.

"வாங்க சார், வாங்க மேடம், குட் மார்னிங்," என்றாள். மேடம் என்று கூப்பிட்டதும் அக்கா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

மாமா உள்ளே வரவில்லை. செருப்பில் மண் இருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டார். அவர் பார்வை வெள்ளை நிற வண்டி ஒன்றிலேயே இருந்தது.

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். டயரை அழுத்திப் பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பானெட்டைத் தூக்கச் சொன்னாள். உள்ளே எதைப் பார்த்தாளோ தெரியாது. தலையை ஆட்டிவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா ரேட்டும்மா?"

"ஷோரூம் விலை நாலு இருபத்தெட்டு மேடம். டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ், ஹேண்ட்லிங் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஆன் ரோடு நாலு எழுபத்திரண்டு வருது."

"அது இன்னாது, கடசியா சொன்னியே?"

"ஹேண்ட்லிங் சார்ஜ் மேடம். குடோன்லேருந்து வண்டிய இங்க கொண்டுவர்ற செலவு."

"வண்டி தானா ஓடி வந்துச்சா, நீ தலைல தூக்கிகினு வந்தியா?"

நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டை மடித்து அடக்கிக்கொண்டாள். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, நான்கு அறுபத்தாறு என்றாள். அக்கா இன்னும் கொஞ்சம் பேசினாள். நான்கு அறுபத்துமூன்றுக்கு வந்தது. இருவருக்கும் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜையில் விரித்தேன். கம்பெனி விலை, டீலர் லாபம், மற்ற கடை விலை எல்லாம் கட்டம் போட்டு அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஆங்கிலத்தில் பேசினேன். நாலு நாற்பத்தைந்து, அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்றேன்.

நிர்மலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "சாரி சார். கம்பெனி பாலிசி. அவ்வளவு குறைக்க எங்களுக்கு பவர் இல்ல."

இதுதான் அந்த இடம் என்று எனக்குப் பட்டது. காகிதங்களை மடித்தேன். நாற்காலியைச் சத்தம் வரும்படி தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அப்ப நாங்க வேற எடம் பாத்துக்கறோம். வாக்கா."

அக்கா அசையவில்லை. "குந்துடா," என்றாள்.

"அக்கா, எழுந்திரு."

"போணி நேரம்டா. குந்து."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தால் என்ன மரியாதை. ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவன் வேறு. கதவை நோக்கி நடந்தேன். கைப்பிடியைத் தொட்டேன். யாரும் ஓடிவரவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

5

வெளியே பத்து மணி வெயில். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முழுக்கைச் சட்டையில் கரித்தூள் படிவது கண்ணுக்கே தெரிந்தது. மாமா என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, போச்சா?"

"இல்ல மாமா. இது ஒரு டெக்னிக்கு. இப்ப கூப்பிடுவாங்க பாருங்க."

"இன்னிக்கு எழுதலன்னா ஒண்ணாந்தேதி வண்டி வராது நைனா."

"வரும் மாமா."

"மணலி புதுநகர்க்காரன் நேத்தே காண்ட்ராக்டராண்ட போயி பேசிக்கினானாம்." அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணாடியருகே போய் நின்றுகொண்டார். அந்த வெள்ளை வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு டீயை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடி வழியே தெரிந்தது. நிர்மலா தலையைக் குனிந்திருந்தாள். அக்கா மேஜைமேல் சாய்ந்து அவளிடம் ஏதோ சொன்னாள். நிர்மலா நிமிர்ந்தாள். என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவரோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். திரும்பி வந்தாள், மறுபடி போனாள். நான் கொடுத்து வைத்திருந்த முன்பணத்தை அக்கா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நிர்மலா அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு அக்கா கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். கையெழுத்துப் போட. நான்கு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம். சீட் கவர், கால் மிதி இலவசம். கொசுறு என்று கேட்டு ஒரு பெரிய குடையும் வாங்கியிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் வாய் ஓயவில்லை. "பாத்தியாக்கா, நான் எழுந்து வந்ததாலதான் எறங்கி வந்தாங்க."

"ஆமா," என்றாள் அக்கா, சாலையைப் பார்த்துக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே போணிக்குப் போயி எந்திரிக்காத, இன்னா?" என்றாள்.

ஒன்றாம் தேதி காலை ஐந்தரை மணிக்கு மாமா வெள்ளைச் சட்டை போட்டு, குளித்த தலையை வாரி, எங்கள் தெரு முழுக்கப் பார்க்க வண்டியை எடுத்தார். ஆறரைக்கு அத்திப்பட்டு கேட்டில் இவர் வண்டிதான் முதலில் நின்றதாம். அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. இடுப்பு வலி வந்த பிறகும் மாமா வேறு யாருக்கும் அதை ஓட்டக் கொடுப்பதில்லை.

இதைத்தான் எட்டு வருடமாக நான் சொல்லி வந்தேன். முடிக்கும்போது, கதவைத் தொட்டேன் பாருங்கள் என்று கையைக் காற்றில் நீட்டிக் காட்டுவேன்.

6

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அந்தக் கடை வாசலில் நாங்கள் நின்றபோது, வரிசை வரிசையாக நின்ற கார்கள் மேல் பனி யாரும் தொடாமல் கிடந்தது. உள்ளே ஒரே ஓர் ஆள். டேவ் என்று பெயர் சொன்னார். ஐம்பது வயது தாண்டியவர். காப்பி கொடுத்தார். இரும்பாலையில் ஆள் குறைத்ததிலிருந்து இப்படித்தான், இந்த வாரம் இந்தக் கதவைத் திறந்து வந்த முதல் ஆட்கள் நீங்கள்தான் என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர் போல் பேனாவைத் தேடினார்.

ஒரு வாரமாகப் போணி ஆகவில்லை. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

ரம்யா அச்சடித்த காகிதங்களை மேஜையில் விரித்தாள். கட்டம் போட்டிருந்தாள். பத்தொன்பதாயிரத்து நானூறு சொன்னவர் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வந்தார். அதற்குக் கீழே முடியாது என்றார். மேஜைக்கடியில் என் காலில் தட்டு விழுந்தது.

இன்னொரு தட்டு, பலமாக. ரம்யா எழுந்துவிட்டாள்.

"அப்பா, வா," என்றாள் தமிழில்.

"உக்காரும்மா."

"இதான் அந்த இடம். நீதானே சொன்னே."

"உக்காரு ரம்யா."

அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு மூடியது. டேவ் கையிலிருந்த பேனாவை மெதுவாக மூடினார். அந்த முகத்தை நான் எங்கோ பார்த்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, சங்கரா மீன் விற்காத அன்று என் அக்கா முகம்.

என் ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன்: "என் மகளைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் இந்த ஊர்க்காரி. எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கடைக்கு வரும் முதல் ஆள் வாங்காமல் எழுந்து போகக் கூடாது. கடைக்காரரும் அவரை வெறுங்கையோடு விடக் கூடாது. இப்போது நாம் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்."

டேவ் என்னையே பார்த்தார். பிறகு மேஜை அதிரச் சிரித்தார். "இந்த வழக்கத்தில் யார் முதலில் இறங்க வேண்டும்?" என்று கேட்டார்.

"நீங்கள் கொஞ்சம். நான் கொஞ்சம்."

பதினெட்டாயிரத்து எழுநூறுக்கு முடிந்தது. ரம்யா குறித்து வைத்திருந்தது பதினெட்டாயிரத்து ஐந்நூறு. கொசுறு என்ன என்று கேட்டேன். கால் மிதி நான்கும், பனி வழிக்கும் துடைப்பம் ஒன்றும் கொடுத்தார். வெளியே வந்தபோது ரம்யா கார் நிறுத்துமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு குளிரில் நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. வீடு வரும்வரை அவள் சொன்னது ஒன்றுதான்: "இருநூறு டாலர், அப்பா."

7

போன வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. ஞாயிறு காலை, ஊரில் சாயங்காலம், அக்கா வியாபாரம் முடித்து வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். ரம்யா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"இன்னா கலரு?"

"சாம்பல்க்கா."

"வெள்ளி," என்றாள் ரம்யா.

"கொசுறு இன்னா குடுத்தான்?"

சொன்னேன். துடைப்பம் எதற்கு என்று விளக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

"எந்திரிச்சியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. குந்திகினேதான் இருந்தேன். ரம்யாதான் எந்திரிச்சி வெளிய போயிட்டா."

அக்கா சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. "அப்பன மாரியே."

ரம்யாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அத்தை, அன்னிக்கு அப்பா எழுந்து போனதாலதானே உங்களுக்கு விலை குறைச்சாங்க?"

"ஆரு சொன்னா?"

"அப்பாதான். எல்லார்கிட்டயும் சொல்லுவாரு."

போனில் அக்காவுக்குப் பின்னால் மாமா இருமியது கேட்டது.

"அந்த ஷோரூம்ல இருந்தது வியாசர்பாடிப் பொண்ணு கண்ணு," என்றாள் அக்கா. ரம்யாவுக்குப் புரிய வேண்டுமென்று மெதுவாகச் சொன்னாள். "வேலைக்கு சேந்து நாலு நாளாம். ஒரு வண்டியும் விக்கல. ஒங்கப்பன் எந்திரிச்சி போனதும் அதுக்குக் கண்ணு கலங்கிப் போச்சி. அதுவரிக்கும் மேடம் மேடம்னு இருந்த பொண்ணு, 'இன்னாக்கா, போணி நேரத்துல இப்டி பண்ணிட்டுப் போறாரு'ன்னுச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னா சொல்றது. 'அவன தப்பா எடுத்துக்காதம்மா, அவன் வெளியூர்க்காரன், நம்ம வயக்கம் அவனுக்குத் தெரியாது. வாங்க வந்தவ நானு, போணி பண்ணாம எந்திரிக்க மாட்டேன், என்னாண்ட பேசு'ன்னேன். அப்பாலதான் அது உள்ள போயி மேனேஜராண்ட சண்ட போட்டு எறக்கிகினு வந்துச்சி."

"ஏன்க்கா இத்தினி வருசமா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ சந்தோசமா சொல்லிகினு கீற. நான் எதுக்குக் கெடுக்கறது," என்றாள். பிறகு வழக்கம்போல், சாப்பிட்டீங்களா, குளுருக்குக் காதை மூடிக்கினு போங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெளியூர்க்காரன். காசிமேட்டில் அது திட்டு இல்லை. ஏலத்தில் தெரியாமல் கையைத் தூக்கிவிடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வது, நானும் எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன். அக்கா என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், அதுவும் தெரிகிறது. இருந்தாலும் வலித்தது. நான் பிறந்த இடத்திலிருந்து இரண்டு மைல் தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னை நிற்க வைத்துவிட்டு, என் அக்கா என்னை அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை.

ரம்யா சாவியைத் திருகினாள். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. கியரைப் போடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நான் வெளியே நின்னப்போ டேவ்கிட்ட நீ என்னைப் பத்தி என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றேன். "வண்டிய எடு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தோளுக்கு மேலே தலையை முழுக்கத் திருப்பி, பின்னால் நன்றாகப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.